காப்பியரிலிருந்து நேராக நெட்வொர்க் ஃபோல்டருக்கு ஸ்கேன்: அமைக்கும் முறையும் மாட்டிக்கொள்ளும் இடங்களும்

காப்பியரில் வைத்த தாள் ஸ்கேன் ஆகி, சர்வரில் உள்ள ஃபோல்டருக்குள் நேராகப் போய்ச் சேர நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: ஃபோல்டரின் உரிமைகள், அதைத் திறக்கும் பயனர் கணக்கு, இரு பக்கமும் பேசும் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் மொழி) பதிப்பு, நடுவில் இருக்கும் நெட்வொர்க் வழி. பலரும் வேலையைக் காப்பியரின் திரையிலிருந்தே தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. ஏதாவது தவறினால் காப்பியர் ‘இணைக்க முடியவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். நான்கில் எது உதைக்கிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃபோல்டர் பக்கத்து வேலையை முழுக்க முடித்து, ஒரு கணினியிலிருந்து சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் காப்பியரிடம் வர வேண்டும். இங்கும் அதே வரிசைதான்.

எங்கே சேமிப்பது

விண்டோஸ் சர்வர், நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி), யாராவது ஒருவரின் மேசைக் கணினி ஆகிய மூன்றிலும் இதைச் செய்யலாம். முதல் இரண்டும் நல்லவை. மூன்றாவதைத் தவிர்க்க முடியாவிட்டால் அந்தக் கணினியின் ஸ்லீப் அமைப்பை அணைத்துவிடுங்கள். ‘காலையில் வேலை செய்கிறது, மதிய உணவுக்குப் பிறகு செய்வதில்லை’ என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் காரணம், கணினி தூங்கிப்போவதுதான். சாதாரண விண்டோஸ் பதிப்புகளில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும். இருபது பேர் அந்த ஷேரை, அதாவது நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டரை, திறந்து வைத்தபடியே வேலை பார்க்கும் அலுவலகத்தில் இந்த வரம்பு எதிர்பாராமல் இடிக்கும்.

சேமிக்கும் கணினிக்கும் காப்பியருக்கும் ஐபி முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ரூட்டரின் டிஎச்சிபி (ஐபி முகவரிகளைப் பங்கிடும் வசதி) பட்டியலில் இரண்டின் மேக் முகவரிக்கும் (சாதனத்தின் வன்பொருள் எண்) நிரந்தர ஒதுக்கீடு போட்டுவிடுவதே சுலபம். இந்தக் குறிப்பில் சர்வருக்கு 192.168.1.20, காப்பியருக்கு 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்கேனுக்கென்று தனிக் கணக்கு

காப்பியருக்காக ஒரு தனிப் பயனர் கணக்கை உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையோ, அலுவலகத்தில் ஒருவர் தினமும் பயன்படுத்தும் கணக்கையோ கொடுக்கவே கூடாது. அந்தப் பாஸ்வேர்டு காப்பியரின் நினைவகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். யார் யாரோ சர்வீஸுக்குத் திறக்கும் இயந்திரம் அது.

மைக்ரோசாஃப்ட் கணக்கு இதற்குச் சரிவராது. அதில் பலரும் பின் எண்ணை வைத்து உள்ளே போகிறார்கள். பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியாக வரும் காப்பியருக்கு அது உதவாது. அதனால் லோக்கல் கணக்காக உருவாக்குங்கள். விண்டோஸ் ப்ரோவில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திறந்து ‘லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ பகுதிக்குப் போகலாம். ஹோம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. செட்டிங்ஸில் மற்ற பயனர்களைச் சேர்க்கும் இடத்தில் செய்யலாம்.

கணக்கை உருவாக்கும்போது ‘அடுத்த முறை உள்நுழையும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு, ‘பாஸ்வேர்டு காலாவதியாகாது’ என்பதில் டிக் போடுங்கள். முதலாவதை விட்டுவைத்தால் காப்பியர் ஒருபோதும் உள்ளே போக முடியாது, ஏனென்றால் அதனால் பாஸ்வேர்டை மாற்ற இயலாது. இரண்டாவதை விட்டுவிட்டால், விண்டோஸின் இயல்பான காலாவதி வரம்பான 42 நாள் முடிந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கேன் ஒரு காலையில் நின்றுபோகும். அதற்குள் அமைத்தவருக்கே எல்லாம் மறந்திருக்கும்.

பாஸ்வேர்டு காலியாக இருக்கக் கூடாது. காலிப் பாஸ்வேர்டு உள்ள கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக அனுமதிப்பதில்லை. 16 எழுத்துகளுக்குக் குறையாமல், ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள் கலந்து வையுங்கள். சிறப்புக் குறியீடுகளைத் தவிர்ப்பது நல்லது. சில மாடல்களில் அவற்றைத் திரையில் தட்டச்சு செய்ய முடியாது, சிலவற்றில் பதிவாகும்போது வேறு குறியாக மாறிவிடும். நீளம் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். கடைசியாக, ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’யில் இந்தக் கணக்கு கணினியின் முன் உட்கார்ந்து உள்நுழைவதையும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருவதையும் மறுத்துவிடுங்கள். அதன் வேலை ஒரு ஃபோல்டரில் எழுதுவது மட்டுமே.

ஃபோல்டரும் இரண்டு அடுக்கு உரிமையும்

விண்டோஸ் நிறுவியிருக்கும் டிரைவைத் தவிர்த்து வேறொரு டிரைவில் ஃபோல்டரை உருவாக்குங்கள். ஸ்கேன் குவிந்து சிஸ்டம் டிரைவ் நிரம்பினால் கணினியே தடுமாறும். பெயர் சின்னதாக, இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்துகளில் மட்டும் இருக்கட்டும். தமிழ்ப் பெயரை விண்டோஸ் ஏற்கும். பல காப்பியர்கள் ஏற்காது. கீழே உதாரணப் பாதைகளில் ‘ஸ்கேன்’, ‘கணக்கு’ என்று எழுதியிருக்கும் இடங்களில் உங்கள் ஆங்கிலப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஷேர் உரிமை (நெட்வொர்க் வழியாக வருவோருக்கானது), என்டிஎஃப்எஸ் உரிமை (டிரைவில் உள்ள ஃபோல்டருக்கும் கோப்புக்குமானது) இரண்டும் ஒரே கதவில் இருக்கும் இரண்டு பூட்டுகள். இரண்டும் திறந்தால்தான் உள்ளே போகலாம். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு, இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேர் பக்கத்தில் முழு உரிமை கொடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ் பக்கத்தை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’ தாவல், ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’, ‘பெர்மிஷன்ஸ்’ என்று போய், ‘எவ்ரிஒன்’ என்பதை நீக்குங்கள். ஸ்கேன் கணக்கையும், கோப்புகளை எடுக்கப்போகும் ஊழியர்களின் குழுவையும் சேர்த்து ‘சேஞ்ச்’ உரிமை கொடுங்கள். பிறகு ‘செக்யூரிட்டி’ தாவலில் அதே இரண்டுக்கும் ‘மாடிஃபை’ கொடுங்கள். ‘ரைட்’ மட்டும் போதாதா என்று தோன்றும். சில காப்பியர்கள் முதலில் தற்காலிகப் பெயரில் கோப்பை எழுதி, முழுதாக வந்தபின் உண்மைப் பெயருக்கு மாற்றுகின்றன. பெயர் மாற்றுவதற்கு அழிக்கும் உரிமையும் தேவை. அது இல்லாவிட்டால் ஃபோல்டரில் பூஜ்யம் அளவில் ஒரு கோப்பும், காப்பியரில் பிழைச் செய்தியும் மிஞ்சும்.

ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி ஷேர் தேவையில்லை. ஒரே ஷேருக்குள் துறைவாரியாக உள் ஃபோல்டர்கள் போதும். சம்பளப் பட்டியல், பணியாளர் ஆவணங்கள் போன்றவை வந்து விழும் உள் ஃபோல்டரில் மட்டும் மேல் ஃபோல்டரிலிருந்து தானாக வரும் பரம்பரை உரிமையைத் துண்டித்து, அந்தத் துறையினருக்கும் ஸ்கேன் கணக்குக்கும் மட்டும் உரிமை கொடுங்கள். இதைச் செய்யாமல் விடும் அலுவலகங்கள் ஏராளம். காப்பியரில் வைத்த தாளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம், அதன் நகல் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் கிடக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல்: ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை நகர்த்தினால், பழைய ஃபோல்டரின் உரிமைகள் அதோடு ஒட்டிக்கொண்டே போகலாம். ‘நான் அந்த ஃபோல்டரில் போட்டுவிட்டேன்’ என்று ஒருவர் சொல்வார், ‘எனக்குத் திறக்கவில்லை’ என்று மற்றவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். நகர்த்தாமல் காப்பி செய்தால் புதிய இடத்தின் உரிமை வந்துவிடும்.

நாஸில் வேலை இன்னும் எளிது. பயனரை உருவாக்கி, ஷேர்டு ஃபோல்டரில் அவருக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை கொடுத்து, மற்றச் செயலிகளுக்கான அனுமதியை எல்லாம் மறுத்துவிட்டால் போதும். ஸ்கேன் ஃபோல்டருக்கு அளவு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் வைத்துவிடுங்கள்.

கணினியிலிருந்து ஒரு சோதனை

சேமிக்கும் கணினியின் நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘பப்ளிக்’ என்றிருந்தால் ஃபயர்வால் ஷேரிங்கை மூடிவைத்திருக்கும். ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். தேவைப்படும் போர்ட் டிசிபி 445 ஒன்றுதான். 139 பழைய நெட்பயாஸ் காலத்தது. காப்பியர்கள் தனி விலேனில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க் பகுதியில்) இருந்தால், காப்பியரின் ஐபியிலிருந்து சர்வரின் 445க்கு மட்டும் வழி திறந்துவிடுங்கள்; முழு விலேனையும் திறக்கத் தேவையில்லை.

பிறகு வேறொரு கணினிக்குப் போய்:

1. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, \\192.168.1.20\ஸ்கேன் என்ற பாதையைத் தட்டச்சு செய்யுங்கள்.
2. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்போது ஸ்கேன் கணக்கின் விவரத்தைக் கொடுங்கள்.
3. உள்ளே ஒரு புதிய டெக்ஸ்ட் கோப்பை உருவாக்கி, பெயரை மாற்றி, அழித்துப் பாருங்கள். மூன்றும் நடந்தால்தான் தேர்ச்சி.

கேட்காமலேயே உள்ளே விட்டுவிட்டால் சோதனை செல்லாது. அந்தக் கணினியில் ஏற்கெனவே திறந்திருக்கும் உங்கள் சொந்தக் கணக்கின் இணைப்பைத்தான் விண்டோஸ் பயன்படுத்தியிருக்கிறது என்று பொருள். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் செல்ல விண்டோஸ் விடாது; 1219 என்ற பிழை எண் வருவது இதனால்தான். சர்வரின் பெயரால் ஏற்கெனவே இணைந்திருந்தால், சோதனையை ஐபி முகவரியால் செய்யுங்கள். விண்டோஸ் அதை வேறொரு சர்வராகவே கருதும்.

இப்போது காப்பியர்

முகவரிப் பதிவுகளைத் தொடுதிரையில் எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டாம். ஒரு கணினியின் பிரவுசரில் காப்பியரின் ஐபியைக் கொடுத்தால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். ரிக்கோவில் அதன் பெயர் ‘வெப் இமேஜ் மானிட்டர்’, கேனானில் ‘ரிமோட் யூஐ’, கியோசெராவில் ‘கமாண்ட் சென்டர் ஆர்எக்ஸ்’. தொழிற்சாலையிலிருந்து வந்த அட்மின் பாஸ்வேர்டு இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். தேதி, நேரம், நேர மண்டலம் ஆகியவற்றைச் சரிசெய்து, முடிந்தால் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபி சர்வரைக் கொடுங்கள். கணக்குகளை மையமாக நிர்வகிக்கும் டொமைன் உள்ள இடத்தில் கெர்பரோஸ் என்ற அங்கீகார முறையில் உள்நுழைந்தால், இரு பக்க நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் சரியான பாஸ்வேர்டும் மறுக்கப்படும். மின்சாரம் போய் வந்த பிறகு கடிகாரம் பின்னுக்குப் போய்விட்ட பழைய இயந்திரங்களில் இதைத் தேடிப் பாருங்கள்.

எஸ்எம்பி கிளையன்ட் அமைப்பு ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் 2, 3 இரண்டையும் வைத்துக்கொண்டு 1ஐ அணைத்துவிடுங்கள்.

அடுத்து முகவரிப் புத்தகத்தில் ஒரு பதிவு. பாதையை எழுதும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது, அதிக நேரம் வீணாவதும் இங்கேதான். ரிக்கோவில் முழுப் பாதையும் ஒரே கட்டத்தில்: \\192.168.1.20\ஸ்கேன்\கணக்கு. கேனானில் ஹோஸ்ட் கட்டத்தில் \\192.168.1.20\ஸ்கேன் என்று ஷேர் பெயர் வரை, மீதி ‘கணக்கு’ என்பது ஃபோல்டர் பாதைக் கட்டத்தில். கியோசெராவில் ஹோஸ்ட் கட்டத்தில் வெறும் 192.168.1.20, பாதைக் கட்டத்தில் முன்னால் சாய்கோடு எதுவும் இல்லாமல் ஸ்கேன்\கணக்கு. எந்த இயந்திரமானாலும் கொடுக்க வேண்டியது ஷேர் பெயர்தான். சர்வருக்குள் அந்த ஃபோல்டர் எந்த டிரைவில் இருக்கிறது என்பதைக் காப்பியரிடம் சொல்லக் கூடாது.

பயனர் பெயரை முதலில் வெறுமனே கொடுத்துப் பாருங்கள். மறுத்தால் கணினியின் பெயர், சாய்கோடு, பயனர் பெயர் என்ற வடிவில் கொடுங்கள். டொமைன் கணக்கானால் கணினிப் பெயருக்குப் பதில் டொமைன் பெயர். பயனர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இல்லை. பாஸ்வேர்டில் உண்டு.

‘கனெக்‌ஷன் டெஸ்ட்’ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அது பச்சை காட்டினாலும் ஒரு தாளையாவது உண்மையாக ஸ்கேன் செய்து, கோப்பு திறக்கிறதா என்று பார்த்துவிட்டே நகருங்கள். சோதனை உள்நுழைவதோடு நின்றுவிடலாம். எழுதும் உரிமையை அது பார்க்க வேண்டும் என்பதில்லை.

எஸ்எம்பி பதிப்பு என்னும் முட்டுக்கட்டை

எல்லாம் சரியாக இருந்தும் இணையவில்லை, கணினியிலிருந்து சோதித்தால் திறக்கிறது என்றால், இரு பக்கமும் வேறு வேறு காலத்து எஸ்எம்பியைப் பேசுகின்றன. எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல், புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி1 சர்வர் பகுதி இருப்பதில்லை. லினக்ஸ் பக்கம் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி2க்குக் கீழே இயல்பாக ஏற்பதில்லை.

அதனால் எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய காப்பியர்கள் ஒதுங்கிப்போயின. ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி1ஐ மீண்டும் ஆன் செய்துவிடுங்கள், ஓடிவிடும்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் ஒரு ஸ்கேன் வசதிக்காக அலுவலகத்தின் எல்லாக் கோப்புகளும் இருக்கும் சர்வரில் அந்தக் கதவைத் திறப்பது தவறு. முதலில் காப்பியரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். எஸ்எம்பி2 அதிலேயே கிடைத்த மாடல்கள் உண்டு. கிடைக்காவிட்டால், ஸ்கேனைத் தவிர வேறெதுவும் இல்லாத தனி நாஸில் எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை வழியாக வாங்குங்கள். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும்; ஆகவே அந்தப் பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படக் கூடாது, போர்ட் 21 உள் நெட்வொர்க்குக்கு வெளியே தெரியக் கூடாது. காப்பியரில் மறையாக்கத்தோடு அனுப்பும் எஃப்டிபிஎஸ் இருந்தால் அதுவே மேல்.

2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு 24எச்2 இன்னொரு படி இறுக்கியது. ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் எஸ்எம்பி கையொப்பம் இப்போது கட்டாயம். ஒவ்வொரு செய்தியும் நடுவழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் ஏற்பாடு அது. எஸ்எம்பி2 பேசினாலும் கையொப்பம் இடத் தெரியாத காப்பியர்கள், விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் காரணம் தெரியாமல் நின்றுபோயின. பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் விருந்தினராக நுழையும் அமைப்புகளும் இதோடு விழுந்தன, ஏனென்றால் விருந்தினர் இணைப்பில் கையொப்பம் இட முடியாது. என்டிஎல்எம் என்ற அங்கீகார முறையின் முதல் பதிப்பும் 24எச்2விலிருந்தும் விண்டோஸ் சர்வர் 2025இலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டது. காப்பியரில் அங்கீகார முறையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் என்டிஎல்எம் வி2 அல்லது கெர்பரோஸ் வையுங்கள்.

இதற்கும் முதல் மருந்து ஃபர்ம்வேர்தான். அதில் தீராவிட்டால் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’யில் ‘செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குள் ‘மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் சர்வர்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ், ஆல்வேஸ்’ என்பதை அணைக்கலாம். இது அந்தக் கணினிக்கு வரும் எல்லா இணைப்புகளுக்கும் கட்டாயத்தைத் தளர்த்துகிறது என்பதை அறிந்துகொண்டு செய்யுங்கள், முக்கியக் கோப்புகள் உள்ள கணினியில் செய்யாதீர்கள். ஸ்கேன் ஷேரை, டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள். அங்கே கையொப்பம் எப்போதுமே கட்டாயம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

பிழை வந்தால் எங்கே பார்ப்பது

காப்பியரின் பிழை எண் திசையைக் காட்டும். கேனானில் 751 என்றால் சர்வரை எட்ட முடியவில்லை, 806 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு. கியோசெராவில் 1101 சர்வர் பெயர், 1102 உள்நுழைவு, 1103 பாதை, 2101 இணைப்பு.

இதைவிடத் தெளிவாகப் பேசுவது சர்வர். ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து ‘செக்யூரிட்டி’ பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோற்ற உள்நுழைவு ஒவ்வொன்றும் காரணத்தோடு அதில் இருக்கும்: பெயரே இல்லை, பாஸ்வேர்டு தவறு, காலாவதி, கணக்கு பூட்டப்பட்டது என்று. தோல்விகளைப் பதியும் ஆடிட் அமைப்பு ஆன் ஆகியிருக்க வேண்டும். அது ஆன் ஆகியிருந்தும், ஸ்கேன் செய்த அந்த நிமிடத்தில் 4625, 4624 இரண்டுமே இல்லையென்றால், காப்பியர் பாஸ்வேர்டு கொடுக்கும் கட்டத்துக்கே வரவில்லை. ஐபி, ஃபயர்வால், எஸ்எம்பி பதிப்பு மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். வெற்றியைக் குறிக்கும் 4624 இருந்தும் கோப்பு வரவில்லையென்றால் சிக்கல் ஃபோல்டர் உரிமையிலோ பாதையிலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கணக்கு பூட்டிக்கொள்வது தனிக் கதை. விண்டோஸ் 11 பதிப்பு 22எச்2 முதல் புதிதாக நிறுவிய கணினிகளில் 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டப்படும். ஸ்கேன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, முகவரிப் புத்தகத்தில் ஐந்து பதிவுகளில் நான்கை மட்டும் திருத்தினால், விடுபட்ட ஐந்தாவது மற்ற நான்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ‘சில நேரம் வேலை செய்கிறது’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேன் தரம்

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) பெரும்பாலான ஆவணங்களுக்குப் போதும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி ஓட்டவும் அதுவே ஏற்றது. ஒரு ஏ4 பக்கம் அந்த அளவில் 2480 × 3508 புள்ளிகள். வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 26 எம்பி. 600 டிபிஐக்குப் போனால் அதன் நான்கு மடங்கு. வெறும் எழுத்துத் தாள்களுக்குக் கறுப்பு வெள்ளை போதும். முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாள்களை வண்ணத்திலேயே எடுங்கள். கறுப்பு வெள்ளையில் மங்கிய முத்திரை காணாமல் போய்விடும். பல பக்கங்கள் ஒரே கோப்பாக வேண்டுமென்றால் பிடிஎஃப். ஜேபெக் தேர்ந்தெடுத்தால் பக்கத்துக்கு ஒரு கோப்பாகச் சிதறும்.

ஃபீடரில் வைத்த தாள்களில் மட்டும் நீளவாக்கில் கோடு விழுந்தால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒடுங்கிய கண்ணாடிப் பட்டையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது. நெட்வொர்க்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள்.

காப்பியர் வெளியே போகும்போது

வாடகைக் காலம் முடிந்தோ மாற்றுவதற்காகவோ இயந்திரம் அலுவலகத்தை விட்டுப் போகும் நாளில், அதன் முகவரிப் புத்தகத்தில் சர்வரின் முகவரியும் ஸ்கேன் கணக்கின் பாஸ்வேர்டும் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் உள்ள மாடலானால், ஸ்கேன் செய்த பக்கங்களின் மிச்சமும் அதில் இருக்கலாம். நிர்வாக மெனுவில் உள்ள முழு அழிப்பை ஓட்டி, முடிந்தது என்ற அறிக்கையை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள். புதிய காப்பியருக்குப் பழைய ஐபியையே கொடுப்பதானால், டிஎச்சிபி ஒதுக்கீட்டில் மேக் முகவரியையும் மாற்ற வேண்டும்.